வெள்ளகாலப் படகுகளுக்கு உறுதியான இழுவளையங்கள் அமைக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றுப் படுகைகளிலும் ஏரிகளின் கீழும் பயிரிடும் குடியானவர்களுக்கு வெள்ளம் புதிய விஷயமன்று. கரை உடைந்த இரவில் வைக்கோற் போரும் விதை நெல்லும் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூரைமேல் ஏறி நிற்கும் மனிதரையும், கொட்டிலில் கட்டுண்டு கிடக்கும் கால்நடைகளையும் காப்பாற்றுவதற்கு ஒரு படகு சமயத்தில் வந்து சேராவிடில் நேரும் நஷ்டத்தை எவராலும் ஈடு செய்ய முடியாது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்களின் படகுகள் வண்டிகளில் ஏற்றப்பட்டு ஊருக்குள் கொண்டுவரப்பட்டன. 2018-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றார்கள். அந்த ராஜ்ய ஸர்க்காரின் கணக்குப்படி 669 படகுகள் இவ்வேலையில் ஈடுபட்டுச் சுமார் 65,000 பேரைக் கரையேற்றின. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெருமழை கொட்டியபோதும் தாமிரவருணிப் பாசனக் கிராமங்கள் பல நீரால் சூழப்பட்டு, படகின் உதவியை நாட வேண்டியதாயிற்று.

இவ்வனுபவங்களிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. வெள்ளத்துக்கு வேண்டிய படகு தண்ணீரில் மட்டும் செல்லக்கூடியதாயிருந்தால் போதாது. சாலையிலும் செல்லக்கூடியதாயிருக்க வேண்டும். டிராக்டரும் டிரெய்லரும் இன்று பெரும்பாலான கிராமங்களில் உள்ளன. ஆனால் அவற்றின்மீது படகை ஏற்றவும், இறுக்கிக் கட்டவும், சரிவில் இறக்கவும் படகின் உடலில் பலமான வளையங்கள் இருத்தல் அவசியம். கடற்கரை மணலில் தோள் கொடுத்துத் தள்ளி இறக்கும் படகுகளுக்கு இவ்வளையங்கள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லையாதலால், அவை பல படகுகளில் பெயருக்கு மாத்திரமே அமைந்திருக்கின்றன. அவற்றை நம்பி இழுக்கும்போது வளையம் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். படகிலும் ஒரு துவாரம் மிஞ்சும்.

படகின் தன்மை

கண்ணாடி நாரைப் பாய்போற் பரப்பி, அதன்மேல் ரெசின் என்னும் பிசினைத் தோய்த்து இறுகச் செய்து கட்டப்படுவதே பைபர் படகு. இம்முறை 1940-க்குப் பிறகு அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுக் கரையில் 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி நேர்ந்த சுனாமிக்குப் பின், நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. இவை மக்குவதில்லை, செல் அரிப்பதில்லை, மரப்படகைவிட இலேசானவை.

எனினும் மரத்துக்கும் பைபருக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. மரப்படகில் வளையத்தைக் கனத்த சட்டத்தில் முடுக்கலாம். பைபர் படகோ முட்டை ஓடு போன்றது. உடல் முழுவதும் சேர்ந்து பெரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் ஒரே புள்ளியில் குத்தினாலும் இழுத்தாலும் அவ்விடம் மட்டும் உடையும். ஆகையால் பாரத்தை ஒரு புள்ளியில் விழவிடாமல் பரப்பிக் கொடுப்பதே இவ்வேலையின் சூத்திரம். ஏர் மாட்டின் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுக்கச் செய்யாமல் நுகத்தடியை வைப்பதன் காரணமும் இதுவே.

வளையம் பிய்ந்துபோகும் காரணம்

ஒரு படகின் எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்புறத்தில் இரு கால்களுள்ள யு-போல்ட்டு ஒன்று பொருத்தப்பட்டு, உட்புறத்தில் ஒவ்வொரு காலுக்கும் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வாஷர் ஒன்று போட்டு நட்டு முடுக்கியிருக்கிறது. துவாரத்தின் அளவைக் கழித்துவிட்டால் வாஷர் ஒன்றின் பரப்பு சுமார் 4 சதுர சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 8. சேற்றில் பதிந்த படகை டிராக்டர் 600 கிலோ பலத்துடன் இழுக்குமாயின், ஓட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 75 கிலோ அழுத்தம் விழும். அதே போல்ட்டுக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாங்குபலகை ஒன்றை வைத்துவிட்டால் பரப்பு 150 சதுர சென்டிமீட்டராகிறது. அழுத்தமும் 4 கிலோவாகக் குறைந்துவிடுகிறது.

10 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல எவர்சில்வர் போல்ட்டின் கால் ஒன்று ஒரு டன்னுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கக்கூடியது. ஆகவே அறுந்துபோவது பெரும்பாலும் போல்ட்டன்று. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓடே. கனத்த போல்ட்டை வாங்கி மெல்லிய ஓட்டில் முடுக்குவது பணத்தை வீணாக்குவதாகும். மரத்திருகு ஆணிகளால் பொருத்தப்படும் வளையமோ இழுப்பு வேலைக்கு முற்றிலும் உதவாது.

தளர்ந்த கயிற்றை டிராக்டர் வெடுக்கென்று இழுக்கும்போதும், மேடுபள்ளமான வண்டிப்பாதையில் படகு குதிக்கும்போதும் விழும் பாரம் படகின் எடையைவிடப் பன்மடங்காகலாம் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

எங்கெங்கே பொருத்துவது

ஒரு படகுக்கு மூன்று வளையங்கள் போதும்.

முதலாவது, அணியம் என்னும் முன்முனையில், இரு பக்கத்து ஓடும் கூடும் நடுக்கோட்டில் அமைவது. படகின் உடல் மிகத் தடிப்பாயிருப்பது அங்கேதான். யு-போல்ட்டின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்நடுக்கோட்டில் நிற்க வேண்டும். டிரெய்லரில் முன்முனை முட்டி நிற்கும் கட்டைக்குச் சற்றுக் கீழே வளையம் வருமாறு உயரத்தை நிதானித்துக்கொண்டால், இழுகயிறு படகை மேலே தூக்காமல் கட்டையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும்.

இரண்டாவதும் மூன்றாவதும், இயந்திரம் மாட்டும் பின்பலகையின் இரு ஓரங்களுக்கு அருகில் அமைவன. படகின் நீளவாட்டுச் சட்டங்கள் பின்பலகையைச் சந்திக்கும் இடத்துக்குச் சமீபமாக இவற்றைப் பொருத்தினால் பாரம் சட்டங்களுக்குச் சென்றுவிடும். இவ்விரண்டும் படகைக் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டுவதற்கே உரியவை. ஓட்டின் விளிம்பை ஒட்டித் துளையிடலாகாது.

வேண்டிய சாமான்கள்

10 அல்லது 12 மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் யு-போல்ட்டுகள் மூன்று; அதே உலோகத்தாலான நட்டுகளும் வாஷர்களும்; 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள எவர்சில்வர்த் தகடுகள்; 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்; 450 கிராம் கண்ணாடி நார்ப் பாய்; பாலியஸ்டர் ரெசின்; அதற்குரிய கோபால்ட்டும் காடலிஸ்ட்டும்; அசிட்டோன்; பாலியூரிதேன் அடைப்புப் பசை; முரட்டு உப்புத்தாள். உப்புக்காற்று உள்ள ஊர்களுக்கு 316 என்னும் குறியுள்ள எவர்சில்வர் சிறந்தது. எவர்சில்வர் போல்ட்டுக்குச் சாதா இரும்பு நட்டுப் போட்டால் இரும்பு விரைவில் துருவேறித் தின்னப்பட்டுவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உள்ளதால் ரெசின் நன்றாகப் பற்றுவதில்லை. தாங்குபலகைக்கு அதைத் தவிர்ப்பது நலம்.

வேலை செய்யும் காலம்

இவ்வேலைக்குச் சித்திரை, வைகாசி மாதங்களே உகந்தவை. ஈரமான ஓட்டில் ரெசின் பற்றாது. நேர் வெயிலும் கூடாது. கலந்த ரெசின் பூசுவதற்கு முன்பே இறுகிவிடும். நிழலில், காலை வேளையில் செய்வது நலம். காடலிஸ்ட் ரெசினின் எடையில் 100-க்கு 1 முதல் 2 பாகம் வரை சேர்க்கப்படும். கோடைக் காலத்தில் 1 பாகமே போதுமானது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கோபால்ட்டையும் காடலிஸ்ட்டையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கலாகாது. கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே காடலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். காடலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். ஆதலால் கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணாடி நார்த் தூளை மூச்சில் இழுக்காமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அருகில் பீடி, சுருட்டு முதலிய நெருப்பு எதுவும் கூடாது.

பொருத்தும் முறை

முதல் நாள். வளையம் வரவேண்டிய இடத்தின் உட்புறத்தை, தாங்குபலகையின் அளவைக் காட்டிலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாண் அதிகமாக, உப்புத்தாளால் பளபளப்பு முற்றும் நீங்கும்வரை தேய்க்க வேண்டும். பழைய பைபரின்மேல் புதிய ரெசின் பற்றுவது இத்தேய்ப்பினால்தான். பிறகு தூளைத் துடைத்து, அசிட்டோன் தோய்த்த சுத்தமான துணியால் இரண்டு தடவை துடைக்க வேண்டும். அதன்மேல் 450 கிராம் பாயை மூன்று அல்லது நான்கு அடுக்குகளாக ரெசினில் தோய்த்து ஒட்டி, காற்றுக்குமிழிகள் வெளியேறும்படி உருளையால் அழுத்த வேண்டும். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பைத் தரும். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் மற்றதிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி நிற்க வேண்டும். எல்லா விளிம்புகளும் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே ஓடு வெடிக்கும்.

முன்முனையின் உட்புறம் குறுகிய ஆப்புப் போன்ற வடிவமுள்ளதாதலால் தட்டைப் பலகை அங்கே உட்காராது. பிளைவுட் துண்டுகளை அவ்வடிவத்துக்கு இழைத்து, ரெசினில் நறுக்கிய நாரைக் கலந்த பட்டியை இடைவெளியில் நிரப்பி, பலகை எங்கும் இடைவெளியின்றிப் படியும்படி அழுத்திப் பதிக்க வேண்டும். பலகையின் ஓரங்களைச் சரிவாக இழைப்பதும், பதிக்குமுன் பலகை முழுவதற்கும் ரெசின் பூசுவதும் அவசியம். அதன்மேல் இரண்டடுக்குப் பாய் போர்த்து ஒரு நாள் இறுகவிட வேண்டும்.

பல படகுகளில் முன்புறத்து அடைத்த அறையினுள் தெர்மோகோல் நிரப்பப்பட்டிருக்கும். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். ஆகவே வேலை செய்யும் இடத்திலுள்ள தெர்மோகோலை எடுத்துவிட்டு, ரெசின் முற்றும் காய்ந்த பின்னரே திரும்ப வைக்க வேண்டும். அறைக்கு வழியில்லையேல் கை நுழையும் அளவுக்கு ஒரு வாயில் வெட்டி, நீர் புகாத மூடி அமைத்துக்கொள்ளலாம். அவ்வாயில் பிற்காலத்தில் நட்டுகளைப் பரிசோதிக்கவும் உதவும்.

இரண்டாம் நாள். வெளிப்புறத்தில் ஒட்டுக்காகிதம் ஒட்டி, துளையிடும் புள்ளிகளை அளந்து குறித்து, முதலில் சிறு துளையும் பிறகு பெரிய துளையும் வெளியிலிருந்து உள்நோக்கி இட வேண்டும். உள்ளிருந்து வெளியே துளைத்தால் ஜெல் கோட் என்னும் மேற்பூச்சு சில்லுச்சில்லாக உதிரும்.

பின்பலகையின் நடுவே பிளைவுட் இருக்குமாதலால் அங்கே இன்னும் ஜாக்கிரதை வேண்டும். போல்ட்டைக் காட்டிலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் பெரிய துளையிட்டு, அதை ரெசின் பட்டியால் அடைத்து, இறுகிய பின் சரியான அளவில் மறுபடியும் துளையிட வேண்டும். இதனால் போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ரெசின் சுவர் ஒன்று அமைந்து, நீர் மரத்துக்குட் செல்லாமல் தடுக்கப்படுகிறது. இதைச் செய்யாத பின்பலகைகள் வெளிக்குப் புதிதாகத் தோன்றிக்கொண்டே உள்ளே உளுத்துப்போகும்.

மூன்றாம் நாள். வெளித்துளையின் வாயைச் சற்றுச் சரிவாக அகலப்படுத்தி, போல்ட்டின் கால்களைச் சுற்றியும் அதன் வெளித்தகட்டின் அடியிலும் அடைப்புப் பசையைத் தாராளமாக இட்டுச் செருக வேண்டும். உட்புறத்தில் தாங்குபலகையின்மேல் எவர்சில்வர்த் தகடு, வாஷர், நட்டு என்ற வரிசையில் போட்டு, பசை சுற்றிலும் பிதுங்கும் வரையில் மட்டும் முடுக்கி நிறுத்த வேண்டும். அன்றே முழு பலத்துடன் முடுக்கினால் பசை அனைத்தும் வெளியேறிவிடும். பசை இறுகிய பின் போல்ட்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இன்னும் கால் சுற்று முடுக்கி, அதன்மேல் இரண்டாவது நட்டுப் போட்டுப் பூட்ட வேண்டும். எவர்சில்வர் மரைகள் உராய்ந்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் குணமுள்ளவை. ஆகவே மரைக்குச் சிறிது கிரீஸ் தடவி நிதானமாகச் சுற்றுவது நலம். நட்டுகளை ரெசினால் மூடிவிடலாகாது. பரிசோதிக்க முடியாத நட்டை நம்ப முடியாது.

ஒரு வாரம் கழித்து, முன்வளையத்தில் செயின் கப்பியை மாட்டி மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வளையத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற கோடுகள் தோன்றினாலும், நாணயத்தால் தட்டும்போது கணீரென்று ஒலியாமல் மந்தமாக ஒலித்தாலும் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று அறிந்து, அவ்விடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடியும் செய்ய வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றிச் செல்லல்

சாதாரணமான டிராக்டர் டிரெய்லரின் தட்டுப் பெரும்பாலும் படகைவிடக் குட்டையானது. நீளமான இரண்டு மரங்களைத் தட்டின்மேல் போட்டுக் கட்டி, அவற்றின்மேல் ஏரா என்னும் படகின் அடிமுதுகும், உட்சட்டங்கள் உள்ள பாகங்களும் அமருமாறு வைக்க வேண்டும். பின்பலகையின் அடியில் தாங்கல் இல்லாமல் படகு அந்தரத்தில் தொங்குமாயின், ஒவ்வொரு குழியிலும் அடித்தளம் வளைந்து வெடிக்கும். மரத்தின்மேல் பழைய டயர்த் துண்டுகளையோ மடித்த சாக்குகளையோ பரப்பலாம். வைக்கோல் மட்டும் போட்டால் வழியில் நழுவிவிடும்.

இயந்திரத்தைக் கழற்றித் தனியே ஏற்ற வேண்டும். முன்வளையத்தை இழுகயிற்றாலும், அதற்குத் துணையாக வேறொரு சங்கிலியாலும் கட்ட வேண்டும். பின்வளையங்கள் இரண்டையும் நாடாப் பட்டைகளால் டிரெய்லரின் சட்டத்தோடு கீழ்நோக்கி இறுக்க வேண்டும். முன்வளையம் ஒன்றையே நம்பிப் புறப்படுவது மூக்கணாங்கயிற்றில் வண்டியை இழுக்கச் செய்வதற்கு ஒப்பாகும். படகின் பின்முனையில் பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் தொங்கவிட வேண்டும். புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் மறுபடி இறுக்குவது அவசியம். முதலில் தளராத கட்டே கிடையாது.

மழையில் செல்லும்போது அடித்துளையின் அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். 5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால் அதன் எடை 600 கிலோ, அதாவது இன்னொரு படகின் எடை. கழற்றிய அடைப்பானை நூலால் முன்வளையத்தோடு கட்டிவைத்தால், தண்ணீரில் இறக்குமுன் இழுகயிற்றை அவிழ்க்கப் போகிறவர் கண்ணில் அது தவறாமற் படும். பின்கட்டுகளை நீர் ஓரத்தை அடைந்த பின்பும், முன்கயிற்றைப் படகு மிதந்த பின்பும் மட்டுமே அவிழ்க்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

கிராமத்தில் எவரிடம் எந்தப் படகு உள்ளது, அதில் வளையங்கள் எந்த நிலையில் உள்ளன, எந்த டிரெய்லர் அதற்குப் பொருந்தும், ஓட்டத் தெரிந்தவர் யார் என்னும் விவரங்களை ஆடி மாதத்துக்குள் ஒரு புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வது பெரிதும் உபயோகப்படும். கடலோரக் கிராமங்களிலிருந்து படகு வரவழைக்க வேண்டிய உள்நாட்டுக் கிராமங்கள், அப்படகுக்காரர்களோடு முன்கூட்டியே பேசி, வளையம் அமைக்கும் செலவைப் பொதுவில் ஏற்றுக்கொள்ளலாம். உதவிக்கு வருபவர் தம் ஜீவனத்துக்கு ஆதாரமான படகையே கொண்டுவருகிறார் என்பதை மறக்கலாகாது. அது வண்டியிலிருந்து விழுந்து உடைந்தால் நஷ்டம் அவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

புரட்டாசி பிறந்ததும் ஒருமுறை படகை டிரெய்லரில் ஏற்றி, கட்டி, குளத்தில் இறக்கிப் பார்த்துவிட வேண்டும். நட்டுகள் தளர்ந்துள்ளனவா, பசை உரிந்துள்ளதா, எவர்சில்வரில் பழுப்புக் கறை வடிந்துள்ளதா என்று அப்போது கவனிக்கலாம். பசைக்கு அடியில் தேங்கிய நீர் எவர்சில்வரையும் அரிக்கும். கறை தோன்றினால் போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் விடலாகாது.

மூன்று நாள் வேலையும், ஒரு படகின் விலையோடு ஒப்பிடச் சொற்பமான செலவுமே இதற்கு வேண்டியவை. கரை உடைந்த இரவில் துளையிட நேரமிராது. ரெசின் இறுகும்வரை வெள்ளமும் காத்திராது. வெயில் உள்ள நாட்களிலேயே இதனை முடித்துவைத்த கிராமத்துக்கு, அழைத்த வேளையில் படகு பழுதின்றி வந்து சேரும்.